ஓட ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு, வெயிட் குறையல, ஆனா மூச்சு வாங்கறது நின்னுடுச்சு. உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

கேள்வி கேட்டவர் கீழ எழுதியிருந்தத சுருக்கமா சொல்லிடறேன். வயசு 31, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, காலைல பெசன்ட் நகர் பீச் ரோட்ல ஓட்டம், வாரத்துல ரெண்டு நாள் ஜிம். வெயிட் மெஷின்ல முள்ளு நகரவே இல்ல, ஆனா முதல் வாரம் நாக்கு தள்ளின தூரத்த இப்ப பேசிக்கிட்டே ஓட முடியுது, ஜிம்ல தூக்குற எடையும் ஏறிக்கிட்டே போகுது, கை மட்டும் அதே சைஸ்லதான் இருக்கு. போன வாரத்துலேருந்து முட்டிக்கு கீழ முன்பக்க எலும்புல லேசா வலி. ஜனவரி மாரத்தான்ல 10 கிலோமீட்டருக்கு பேர் குடுத்தாச்சாம், தூரத்த இன்னும் கூட்டலாமான்னு கேக்கறார்.

நான் மேற்கு மாம்பலத்துல ஒரு சின்ன கிளினிக்ல பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். உங்க கேள்விக்கு என் பதில், உடம்புல எல்லா பாகமும் ஒரே வேகத்துல பழகாது. ரத்தம் சில நாள்லயே மாற ஆரம்பிச்சிடும், நரம்பு சில வாரத்துல, சதை அதுக்கப்புறம், எலும்பும், சதைய எலும்போட இணைக்கற டெண்டனும் ஆடி அசைஞ்சு கடைசியாதான் வரும். நீங்க சொன்ன எல்லாமே, அந்த வலி உட்பட, இதுலேருந்துதான் வருது.

மூச்ச எடுத்துக்கோங்க. நுரையீரல் பெருசாயிடுச்சுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அது கிட்டத்தட்ட பழைய மாதிரியேதான் இருக்கும், மாறினது ரத்தம். ஓட ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்லயே ரத்தத்துல இருக்கற பிளாஸ்மாங்கற தண்ணி பாகம் ஏற ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு வாரத்துல 10 சதவீதம் அளவுக்கு கூட கூடலாம். இதயத்துக்கு திரும்பி வர்ற ரத்தம் அதிகமானா அது நல்லா ரொம்பி ஒவ்வொரு துடிப்புக்கும் ஜாஸ்தியா தள்ளும், அதனால அதே வேகத்துல ஓட கம்மியா துடிச்சாலே போதும். காலைல எழுந்த உடனே, காபிக்கு முன்னாடி, படுத்தபடியே மணிக்கட்டுல வெரல வெச்சு ஒரு நிமிஷம் பல்ஸ் எண்ணி எழுதி வைங்க, வாரம் போகப் போக எறங்கறது தெரியும், வெயிட் மெஷின விட இது எவ்வளவோ உண்மையா பேசும். இன்னொண்ணு, தண்ணி மட்டும் முதல்ல ஏறுது, செவப்பணு பின்னாடிதான் மெதுவா ஏறும், அதனால இந்த சமயத்துல பிளட் டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் லேசா கம்மியா காட்டலாம். அத வெச்சு பயப்பட வேண்டாம், ஆனா நம்ம ஊர்ல, முக்கியமா பொம்பளைங்களுக்கு, நெஜமாவே இரும்புச்சத்து கொறைவு சர்வ சாதாரணம், "ஓடறதால தான்"னு நீங்களே முடிவு பண்ணிக்காம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

அதே பிளாஸ்மாதான் வெயிலுக்கும் உதவுது. தெனமும் வேர்க்க வேர்க்க ஓடினா ஒண்ணு ரெண்டு வாரத்துல உடம்பு சீக்கிரமே வேர்க்க கத்துக்கும், வேர்வையும் அதிகமா வரும், அதுல போற உப்பு மட்டும் கொறையும். ஆனா சென்னைல ஒரு சிக்கல், வேர்வை காத்துல காயும்போதுதான் உடம்பு குளிரும், சொட்டு சொட்டா தரைல விழுந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, கடற்கரை ஈரக்காத்துல நெறைய அப்டிதான் விழுது. கத்திரி வெயில்ல ஸ்பீடு வரலையேன்னு நொந்துக்காதீங்க, சட்டைய புழிஞ்சா தண்ணி வர்ற அளவுக்கு வேர்த்தா கொழுப்பு கரையுதுன்னும் நம்பாதீங்க, அது வெறும் தண்ணி.

பேசிக்கிட்டே ஓட முடியறதுக்கு இன்னொரு காரணம் தொடை, கெண்டைக்கால் சதைக்குள்ள நடக்குது. 1967ல ஹோலோசின்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிங்கள ட்ரெட்மில்ல வாரக்கணக்குல ஓட விட்டு பாத்தார், அதுங்க சதைல ஆக்சிஜன வெச்சு எனர்ஜி பண்ற மைட்டோகாண்ட்ரியாவோட திறன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருந்துச்சு. மனுஷங்களுக்கும் இந்த மாற்றம் நடக்குது. சில வாரம் புடிக்கும், அவ்ளோதான்.

இப்ப ஜிம் விஷயம், எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இதுதான். சைஸ் ஏறாம பலம் எப்டி ஏறுதுங்கறத நான் தெனமும் கையாலயே தொட்டுப் பாக்கறேன். பைக்ல விழுந்து கால்ல மாவுக்கட்டு போட்டுக்கிட்டவங்க கட்டு பிரிச்ச பிறகு வருவாங்க, ஒரு பக்க தொடை சூம்பிப் போயிருக்கும். படுக்க வெச்சு முட்டிக்கு அடியில டவல சுருட்டி வெச்சு, "சார், முட்டியால இந்த டவல கீழ அமுக்குங்க"ன்னு சொல்லுவேன். அவர் என்னென்னவோ பண்ணுவார், பல்ல கடிப்பார், கட்டைவிரல மடக்குவார், இடுப்ப தூக்குவார், தொடை மட்டும் கேக்காது. "அமுக்கறேன் மேடம், ஆனா அது வர மாட்டேங்குது"ம்பார். முட்டிச்சில்லுக்கு மேல உள்பக்கமா என் ரெண்டு வெரல வெச்சிருப்பேன், அங்க ஒரு சின்ன துடிப்பு, கண்ணு துடிக்கற மாதிரி கூட இருக்காது, வரும் போகும். விடாம பண்ண சொல்லுவேன். சில நாள்ல அந்த துடிப்பு இறுக்கமா மாறி முட்டிச்சில்லு மேல ஏறும், நமக்கே தெரியும். அன்னைக்கு டேப் வெச்சு தொடைய அளந்தா முதல் நாள் அளவுதான் இருக்கும்! சதை வளரல, மூளைலேருந்து தண்டுவடம் வழியா வர்ற உத்தரவு இப்ப நெறைய சதை நார்களுக்கு, வேகமா, ஒரே நேரத்துல போய் சேருது, அவ்ளோதான் வித்தியாசம்.

இதுக்கு ஒரு பழைய ஆதாரம் கூட இருக்கு. 1894லயே யேல் யுனிவர்சிட்டில ஸ்க்ரிப்சர்னு ஒருத்தர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி குடுத்தா பயிற்சியே பண்ணாத இன்னொரு கையிலயும் பலம் கூடுதுன்னு எழுதி வெச்சார். அந்த இன்னொரு கை எதையும் தூக்கல, அதுல சதை எப்டி வளரும், நரம்புதான். அதனாலதான் ஒரு கால்ல கட்டு இருக்கும்போதே நல்ல காலுக்கு எக்சர்சைஸ் குடுப்போம், வீட்ல இருக்கறவங்க "வலி அந்த கால்லதானேம்மா, இத ஏன் புடிச்சு ஆட்டறீங்க"ன்னு ஒரு மாதிரி பாப்பாங்க. உங்க டம்பெல் கதையும் இதேதான், முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துல ஏறுற பலத்துல பெரும்பங்கு நரம்போடது, கண்ணாடில தெரியற சைஸ் அதுக்கப்புறம் வரும். ஜிம்ல நெறைய பேர் கரெக்டா இந்த கட்டத்துலதான் சந்தாவ விட்டுட்டு போயிடறாங்க.

வெயிட் குறையாதத பத்தி நீட்டி சொல்ல ஒண்ணும் இல்ல. ஓடறதுக்கு பழகின சதை கிளைக்கோஜன, அதாவது சேமிப்பு சர்க்கரைய, அதிகமா சேத்து வெக்கும், ஒரு கிராம் கிளைக்கோஜனோட சுமார் 3 கிராம் தண்ணியும் சேந்து உக்காரும், மேல சொன்ன பிளாஸ்மாவும் தண்ணிதான், அதெல்லாம் மெஷின்ல எடையா தெரியும். கணக்கும் நமக்கு சாதகமா இல்ல, ஒரு கிலோமீட்டர் ஓடினா உடம்பு எடைல கிலோவுக்கு சுமார் 1 கலோரி, 70 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினா 350 கலோரி, முடிச்சிட்டு அப்டியே ஒரு நெய் பொங்கல், ரெண்டு வடைன்னு உக்காந்தா கணக்கு சரியாப் போச்சு. பார்க் வாசல்ல விக்கற அருகம்புல் ஜூஸ் இத மாத்தாது.

ஆனா முள்ளு நகரலன்னாலும் சுகர் விஷயத்துல லாபம் இருக்கு. சதை சுருங்கும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்துலேருந்து குளுக்கோஸ உள்ள இழுத்துக்கும், ஓடி முடிச்ச பிறகும் ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள் வரைக்கும் இன்சுலின் நல்லா வேலை செய்யும். எங்கம்மா ராத்திரி டிபன் முடிச்ச கையோட மொட்டை மாடில நடக்கறாங்க, நடந்த நாளுக்கும் சீரியல் பாத்து உக்காந்த நாளுக்கும் மறுநாள் மீட்டர்லயே வித்தியாசம் தெரியுதுன்னு அவங்களே சொல்வாங்க. அந்த பலன் ரெண்டு நாளுக்கு மேல தங்காதுங்கறதால சனி ஞாயிறு மட்டும் வெறியா ஓடறது சுகருக்கு அவ்வளவா உதவாது. இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, லோ சுகர் ஆகலாம்.

சதை வலிய பத்தியும் ஒரு வரி, ஏன்னா கமெண்ட்ல யாரோ மறுநாள் வலிக்கு காரணம் லாக்டிக் ஆசிட்னு எழுதியிருக்காங்க. அந்த லாக்டிக் ஆசிட், அதாவது லாக்டேட், ஒரு மணி நேரத்துக்குள்ள பெரும்பாலும் காலியாயிடும், இதயமே அத எரிபொருளா எடுத்துக்கும். மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் மெட்ரோ ஸ்டேஷன் படி எறங்கும்போது உயிர் போற வலி, சதை நீண்டுக்கிட்டே தாங்கும்போது நார்ல விழற நுண்ணிய கீறலாலயும் அத ஒட்டி வர்ற வீக்கத்தாலயும் வருது. அதே வேலைய அடுத்த தடவ பண்ணா வலி நல்லாவே கொறைஞ்சிருக்கும்.

சரி, முட்டிக்கு கீழ உங்க எலும்பு வலி. இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எலும்பும் பயிற்சிக்கு பழகும், ஆனா அது பழகற விதம் வேற. நம்ம தெருவுல புது ரோடு போட முதல்ல பழச சுரண்டி எடுத்துட்டு ஜல்லி தெரிய சில நாள் போட்டு வெப்பாங்களே, எலும்பும் பாரம் கூடினா முதல்ல பழைய பகுதிய அரிச்சு எடுத்துட்டு அப்புறம்தான் புதுச கட்டும், ஒரு சுத்து முடிய மூணு நாலு மாசம் ஆகும். நடுவுல அந்த இடம் முன்ன இருந்தத விட கொஞ்சம் வீக்கா இருக்கும். அதே நேரம் உங்க ரத்தமும் இதயமும் ரெடி, "ஓடு ஓடு"ங்குது, மூச்சு வாங்கல, தூரம் கூடுது. எங்க கிளினிக்குக்கு ஓட்டக்காரங்க முதல் வாரத்துல வர்றதே இல்ல, ஒண்ணரை ரெண்டு மாசத்துலதான் வருவாங்க, எல்லாரும் சொல்றது ஒரே வசனம், "இப்பதான் மேடம் நல்லா ஓட வந்துச்சு, அதுக்குள்ள இப்டி."

அதுக்காக படுத்துடவும் கூடாது. 1966ல அமெரிக்காவுல டல்லாஸ்ல 20 வயசு பசங்க அஞ்சு பேர மூணு வாரம் படுக்கையிலயே வெச்சு பாத்தாங்க, உச்சபட்சமா ஆக்சிஜன பயன்படுத்தற திறன் கால்வாசிக்கு மேல விழுந்துடுச்சு. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேர கூப்ட்டு டெஸ்ட் பண்ணா, அந்த 30 வருஷ வயசு பண்ண சேதாரம் அந்த மூணு வார படுக்கை பண்ணத விட கம்மி! அந்த 50 வயசுலயும் ஆறு மாசம் பயிற்சி குடுத்ததும், 20 வயசுல படுக்கறதுக்கு முன்னாடி இருந்த அளவுக்கே திரும்ப வந்தாங்க. பயிற்சிய விட்டா, ஏறினதுல முதல்ல எறங்கறதும் பிளாஸ்மாதான், ஜிம்ல சேத்த பலம் அவ்ளோ சீக்கிரம் போகாது.

அதனால நீங்க பண்ண வேண்டியது, ரெண்டு மூணு வாரம் ஓட்டத்த பாதியா கொறைச்சுட்டு அந்த நேரத்துக்கு சைக்கிளோ நீச்சலோ எடுங்க, இதயத்துக்கும் ரத்தத்துக்கும் வேலை கெடைக்கும், எலும்புக்கு அடி விழாது. பழைய ஷூவா இருந்தா மாத்துங்க. ஜனவரி 10 கிலோமீட்டர் எங்கயும் போயிடாது. இன்னைக்கு ராத்திரியே உக்காந்து அந்த எலும்பு ஓரமா ஒத்த வெரலால மேலேருந்து கீழ அமுக்கிக்கிட்டே வாங்க. நீளமா ஒரு ஜாண் அளவுக்கு பொதுவா வலிச்சு, ஓட ஓட சூடானதும் கொறைஞ்சா மேல சொன்னது போதும். ஒரே ஒரு இடத்துல வெரல் பட்டதும் சுருக்குனு உயிர் போனாலோ, ஒத்தக் கால்ல குதிச்சா வலிச்சாலோ, ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ ஓட்டத்த அன்னையோட நிறுத்திட்டு ஆர்த்தோ டாக்டர்கிட்ட போங்க, எக்ஸ்ரேல ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாம கூட போகலாம், "எக்ஸ்ரே நார்மல்"னு சொன்னாங்கன்னு மறுநாளே பீச்சுக்கு கெளம்பிடாதீங்க.