லேசர் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டருக்குக் கணினித் திரையை எப்படி வடிவமைப்பது?

கேட்டவர் இதுவரை மொபைல் ஆப்களுக்குத் திரை வடிவமைத்தவர். இப்போது லேசர் கருவி செய்யும் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். டாக்டர்களுக்குச் சுலபமாக இருக்கும் திரை எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நான் கண் லேசர் கருவிகளின் மென்பொருளில் வேலை செய்பவன், அதனால் கண்ணாடி பவரைச் சரிசெய்யும் லாசிக் சிகிச்சையை வைத்தே சொல்கிறேன். தோல், சிறுநீரகக் கல் லேசர்களில் விவரங்கள் மாறும்.

லேசர் பாயும்போது டாக்டர் உங்கள் திரையைப் பார்ப்பதே இல்லை. அவர் கண் மைக்ரோஸ்கோப்பில் இருக்கிறது. கையில் ஸ்டெரைல் கையுறை, கீபோர்டைத் தொடக் கூடாது. கால் பெடலில். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் டெக்னீஷியன். ஆகவே நீங்கள் வடிவமைப்பது டாக்டருக்கான திரை மட்டுமல்ல, இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கான கருவி. இது பிடிபட்டால் மற்ற முடிவுகள் தானாக வரும்.

அந்த வேலையில் ஆபத்தான இடம் லேசர் பாயும் நேரம் என்று நினைப்போம். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் எண்களை உள்ளிடும் நேரம்தான். 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர் ஒவ்வொரு துடிப்புக்கும் கார்னியாவில் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) கால் மைக்ரான் அளவில் சீவி எடுக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. (இந்த ஒளி திசுவைச் சுடாமல் சுத்தமாக வெட்டும் என்று 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன்.) 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) மைனஸ் பவரைச் சரிசெய்ய ஏறக்குறைய 12 மைக்ரான் போகும். மைனஸ் 4 என்றால் 48. அதையே மைனஸ் 6 என்று அடித்துவிட்டால் 72. கார்னியாவின் மொத்தத் தடிமனே சராசரியாக 540 மைக்ரான் சுற்றித்தான். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது, ‘அன்டூ’ கிடையாது.

சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர், இன்னும் சிக்கல். அது எந்தக் கோணத்தில் என்பதைச் சொல்வது ஆக்சிஸ். மைனஸ் 2, சிலிண்டர் மைனஸ் 1, ஆக்சிஸ் 90 என்பதும், மைனஸ் 3, சிலிண்டர் ப்ளஸ் 1, ஆக்சிஸ் 180 என்பதும் ஒரே கண்ணாடிதான். ஒரு டாக்டர் முதல் முறையில் எழுதுவார், இன்னொருவர் இரண்டாவது முறையில். நடுவில் ஒரு குறி மாறினால் இருக்கும் பவரைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுவோம். அதனால் குறியைச் சின்னக் கோடாக விடாதீர்கள். ‘மைனஸ்’, ‘ப்ளஸ்’ என்று எழுத்தாகவும் காட்டுங்கள். உள்ளிட்ட எண்ணைக் கருவி எப்படிப் புரிந்துகொண்டது என்பதை இரண்டு வடிவத்திலும் பக்கத்திலேயே போடுங்கள். டெக்னீஷியன் உரக்கப் படிப்பார், டாக்டர் கேட்டு ‘சரி’ என்பார். எனவே திரையில் எண்கள் வரும் வரிசை, வாயால் படிக்கும் வரிசையாகவே இருக்க வேண்டும்: பேஷண்ட் பெயர், எந்தக் கண், பவர், சிலிண்டர், ஆக்சிஸ்.

ஆக்சிஸை எண்ணாக மட்டும் விடாமல் படமாகவும் வரையுங்கள். 5 டிகிரியும் 175 டிகிரியும் எண்ணில் வெகு தூரம், கண்ணில் 10 டிகிரிதான். 10, 100 என்றால் கதை தலைகீழ்: விரல் தவறி ஒரு பூஜ்யம் விழுந்தால் 90 டிகிரி போய்விடும். 30 டிகிரி விலகினாலே சிலிண்டர் சிகிச்சையின் பலன் முழுக்கப் போய்விடும் என்பது கணக்கு.

அப்புறம் அந்தப் படத்தை எந்தப் பக்கம் திருப்பி வரைவது? பரிசோதனை அறையில் டாக்டர் பேஷண்டுக்கு எதிரே உட்கார்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் தலைமாட்டில் உட்கார்கிறார், கண் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். அறிக்கையில் உள்ள வரைபடம் ஒரு திசை, மைக்ரோஸ்கோப்பில் தெரிவது வேறு திசை. ‘மேல்’, ‘கீழ்’ என்று எழுதினால் குழப்பம் தீராது. ‘மூக்குப் பக்கம்’, ‘நெற்றிப் பக்கம்’ என்று போடுங்கள். அது எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் மாறாது. இந்த ஒரு விஷயத்துக்காக நான் கூட்டங்களில் சண்டையே போட்டிருக்கிறேன், இன்றைக்கும் போடுவேன்.

பெடல் விஷயம் நேரடியானது. அழுத்திக்கொண்டே இருந்தால்தான் லேசர் வரும், எடுத்தால் நிற்கும். பேஷண்ட் கண்ணை நகர்த்தி, கண் அசைவைப் பின்தொடரும் டிராக்கர் அதைத் தொலைத்துவிட்டாலும் நிற்கும். நின்ற பிறகு எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்பது பெரிய எழுத்தில் தெரிய வேண்டும், விட்ட துடிப்பிலிருந்தே தொடர வேண்டும். லேசர் பாயும் மொத்த நேரமே பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் ‘நிச்சயமாகத் தொடரவா?’ என்று பெட்டி வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நின்றதற்கும் முடிந்ததற்கும் தனித்தனி ஒலி வையுங்கள்.

எச்சரிக்கைகளைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெராக் 25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. திரையில் வந்தது ‘மால்ஃபங்ஷன் 54’ போன்ற வெறும் எண். தினமும் பலமுறை இப்படி ஏதாவது வரும், ‘பி’ பொத்தானை அழுத்தினால் வேலை தொடரும். ஆபரேட்டர்களுக்கு அதுவே பழகிவிட்டது. மென்பொருளில் கோளாறு இருந்ததும் உண்மை. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்து அவர்கள் என்ன முடிவெடுத்திருக்க முடியும்? ஒவ்வொரு எச்சரிக்கையும் என்ன நடந்தது, இப்போது என்ன செய்யலாம் என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். சொல்ல முடியாததை எடுத்துவிடுங்கள்.

நிறம், எழுத்தளவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கைக் குறைத்த அறை, வெள்ளைப் பின்னணி கூசும். அவ்வளவுதான்.

சோதனையை ஆபீஸ் மேஜையில் செய்யாதீர்கள். மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ, 2016 வழிகாட்டுதலில், இறுதிச் சோதனைக்கு ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது. டாக்டர் தனி வகை, டெக்னீஷியன் தனி வகை. அதற்கு முன்பே அனுமதி வாங்கி ஒரு தியேட்டருக்குள் போய், டாக்டருக்குப் பக்கத்தில் நிற்காமல் டெக்னீஷியன் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள். கருவியின் ஓரத்தில் அவர்கள் டேப் போட்டு ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் முதலில் செய்ய வேண்டியவை அதில்தான் இருக்கும்.