கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை: பேட்ஜ், கோபால்ட், பிராக்கிதெரபி – கேள்வி பதில்

சார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் டிஎல்டி (சட்டையில் அணியும், கதிர் அளவைப் பதியும் பேட்ஜ்) ரிப்போர்ட்டில் எனக்கு எப்போதும் பூஜ்யம்தான். பேட்ஜ் வேலை செய்கிறதா? (லினாக் எனும், மின்சாரத்தால் கதிர் உண்டாக்கும் சிகிச்சை மெஷினின் டெக்னாலஜிஸ்ட்)

செய்கிறது. பீம் ஓடும்போது நீங்கள் கான்கிரீட் சுவருக்கு வெளியே கன்சோலில் இருக்கிறீர்கள். 6 எம்வி (மெகாவோல்ட், கதிரின் ஆற்றல் அளவு) மெஷினில் பீம் நின்றால் கதிர்வீச்சும் நின்றுவிடும். பூஜ்யம் என்றால் அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்று பொருள். கோபால்ட் மெஷினில் மூலம் (எப்போதும் கதிர் வீசும் கோபால்ட் துண்டு) உள்ளே இருந்தாலும் தலைப்பகுதியிலிருந்து கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். அங்கே எல்லோருக்கும் வருடக்கணக்கில் பூஜ்யம் வந்தால், பேட்ஜ்கள் சட்டையில் இருக்கின்றனவா, நாள் முழுக்க ரேக்கிலேயே தொங்குகின்றனவா என்று பாருங்கள்.

பேட்ஜைத் தவறுதலாக சிகிச்சை அறைக்குள் விட்டுவிட்டேன். 14 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர் அளவின் அலகு) வந்திருக்கிறது. என்ன ஆகும்?

அன்றே ஆர்எஸ்ஓவிடம் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) எழுத்தில் கொடுத்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் விசாரணை வரும். வரம்பு 5 ஆண்டுகளில் 100, எந்த ஓர் ஆண்டிலும் 30. பேட்ஜ் அட்டையில் கதிரைப் பதியும் 3 வில்லைகள் இருக்கின்றன: ஒன்று உலோக ஃபில்டருக்குக் கீழே, ஒன்று பிளாஸ்டிக்குக் கீழே, ஒன்று திறந்தபடி. மூன்றின் விகிதம் எந்த ஆற்றல் கதிர் பட்டது என்று காட்டும். ஆனால் அப்போது பேட்ஜ் உங்கள் உடம்பில் இருந்ததா என்பதை அது சொல்லாது. எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த 14 உங்கள் கணக்கிலேயே நிற்கும்.

கண்ட்ரோல் பேட்ஜை (யாரும் அணியாத, ஒப்பீட்டுக்கான பேட்ஜ்) சிகிச்சை அறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கவே கூடாது. அதன் அளவை எல்லோருடைய அளவிலிருந்தும் கழிப்பார்கள். அது கதிர் வாங்கினால் மற்றவர்களின் உண்மையான டோஸ் காணாமல் போகும்.

லெட் ஏப்ரன் (ஈய அங்கி) போட்டுக்கொண்டு கோபால்ட் அறைக்குள் போகலாமா?

போட்டும் பயனில்லை. கோபால்ட் கதிரைப் பாதியாக்க சுமார் 12 மி.மீ. ஈயம் வேண்டும். ஏப்ரனில் இருப்பது 0.5 மி.மீ., தடுப்பது 3 சதவீதம். அந்தக் கனத்தில் நடை தளர்ந்து வீணாகும் நொடிகளில் அதைவிடக் கூடுதலாக வாங்குவீர்கள். எக்ஸ்ரே பிரிவுக்கு மட்டும் அது சரி.

கோபால்ட் மூலம் திரும்பாமல் மாட்டிக்கொண்டால் எந்த வரிசையில் என்ன செய்வது?

முதலில் கன்சோலில் எமர்ஜென்சி பட்டன். சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி நடக்கக்கூடியவர் என்றால் மைக்கில் சொல்லி எழுந்து வெளியே வரச் சொல்லுங்கள். முடியாதவர் என்றால் நீங்கள்தான் போக வேண்டும். பீம் பாதைக்குள் கையை நீட்டாமல், பக்கவாட்டிலிருந்து கட்டிலை இழுங்கள்.

பீமுக்குள் நிமிடத்துக்கு 1 கிரே (உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) என்றால், 1 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் ஏறக்குறைய அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அரை நிமிடத்தில் வேலை முடிந்தால் வாங்குவது சுமார் 0.5 மில்லிகிரே. அதே கை 10 நொடி பீமுக்குள் போனால் 160 மில்லிகிரேக்கு மேல். நோயாளி வெளியே வந்ததும் கதவை மூடி, பலகை மாட்டி, ஆர்எஸ்ஓவைக் கூப்பிடுங்கள். டி வடிவக் கம்பியால் மூலத்தைத் தள்ளும் வேலைக்கு அதற்குப் பிறகு அவசரமே இல்லை. பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது: நோயாளி மேஜையில் கிடக்க, கம்பியைத் தேடுகிறார்கள்.

ஹெச்டிஆர் பிராக்கிதெரபியில் (சிறு மூலத்தைக் கம்பி நுனியில் உடலுக்குள் அனுப்பிச் செய்யும் சிகிச்சை) மூலம் நோயாளிக்குள் சிக்கினால்? உள்ளே போகவே பயமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். புதிய இரிடியம்-192 மூலம், அதன் வலிமை 370 கிகாபெக்கரல். 1 மீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிகிரே, 10 செ.மீ.யில் 70, நோயாளியின் உடலுக்குள் 1 செ.மீ.யில் 7 கிரே. உங்களுக்கு ஒரு நிமிடம் பெரிய விஷயமல்ல, அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. கன்சோல் பட்டன், மெஷினிலேயே உள்ள பட்டன், கையால் சுழற்றும் கிராங்க். மூன்றும் பலிக்காவிட்டால் அப்ளிகேட்டரையே (மூலம் உள்ளே செல்லும் குழாய்) எடுத்து, நீளமான ஃபோர்செப்ஸால் ஈயப் பாத்திரத்துக்குள் போட வேண்டும். விரலால் தொடவே கூடாது.

பிறகு நோயாளியின் உடம்பில் சர்வே மீட்டர் (கையடக்கக் கதிர் அளவி) வைத்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். 1992 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கம்பி உடைந்து மூலம் நோயாளிக்குள்ளேயே தங்கியது. சுவர் மானிட்டர் அலறியது. கருவிக் கோளாறு என்று நினைத்தார்கள். கையடக்க மீட்டரை யாரும் எடுக்கவில்லை. நோயாளி சில நாட்களில் இறந்தார்; 90க்கும் மேற்பட்டவர்கள் மீது கதிர் பட்டது. கடைசியில் மருத்துவக் கழிவை எடுத்துப்போன இடத்தில்தான் மூலம் பிடிபட்டது.

கர்ப்பமாக இருக்கிறேன். வேலையை விட வேண்டுமா, மேடம்?

வேண்டாம்மா. தெரிந்த உடனே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதன்பின் கருவுக்கு வரம்பு 1 மில்லிசீவர்ட். லினாக் கன்சோல் வேலை தொடரலாம். பிராக்கிதெரபியிலும் கோபால்ட் எமர்ஜென்சி பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

15 எம்வி க்யூஏ (மெஷினின் தரச் சோதனை) முடிந்ததும் உள்ளே போனால் மீட்டர் துடிக்கிறதே?

10 எம்விக்கு மேல் நியூட்ரான் உண்டாகி, மெஷின் தலையின் உலோகங்கள் கொஞ்ச நேரம் கதிரியக்கமாகின்றன. அலுமினியம்-28க்கு அரை ஆயுள் 2.24 நிமிடம், தாமிரம்-62க்குச் சுமார் 10. நீண்ட க்யூஏக்குப் பின் 5 நிமிடம் பொறுத்துப் போங்கள். வெட்ஜை (பீம் பாதையில் வைக்கும் உலோக ஆப்பு) உடனே கையில் எடுக்காதீர்கள்.

பீம் ஓடும்போது சுவருக்கு வெளியே அளக்க ஜிஎம் மீட்டரை (கதிரை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி) நம்பாதீர்கள். லினாக் கதிர் சில மைக்ரோசெகண்ட் துடிப்புகளாக வருகிறது. ஒரு துடிப்பில் எத்தனை ஃபோட்டான் வந்தாலும் ஜிஎம் ஒன்றாகத்தான் எண்ணும். மொத்தக் கதிரையும் அளக்கும் அயன் சேம்பர் மீட்டர்தான் வேண்டும்.

தினமும் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் கதிர்வீச்சு போய்விடும் என்கிறார்களே?

சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. பட்ட டோஸை எந்தச் சாப்பாடும் கழிக்காது.