சீரியல் லைட்டும் உப்புக் காற்றும்: வாசகர் கேள்விகள்

கார்த்திகை தீபம் முடிந்து வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறியதும் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து. பதில்களுக்கு முன்னால் எப்போதும் சொல்வதுதான்: சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு லைட்டைத் தொடுங்கள்.

கே: வீட்டில் சீரியல் லைட் எரியவில்லை. என்ன காரணம்? (தொண்டி)

எத்தனை செட், எங்கே மாட்டியது, முழுவதும் அணைந்ததா பாதியா, மழைக்கு முன்பா பின்பா, ஒன்றையும் எழுதவில்லை. அதையெல்லாம் எழுதி மறுபடி அனுப்புங்கள். அதற்குள் பிளக்கின் பின்னைத் துடைத்து, வேறு பாயிண்டில் செருகிப் பாருங்கள்.

கே: புது செட். மூன்றாம் நாளே சரத்தில் பாதி அணைந்துவிட்டது. (தேவிபட்டினம்)

சரம் பல பகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் பல்புகள் வரிசையாகக் கோத்தவை. நீலம், பச்சை, வெள்ளை என்றால் ஒரு பல்புக்கு ஏறக்குறைய 3 வோல்ட், சிவப்புக்கு 2. ஒன்றின் கால் (பல்பின் கம்பி முனை) துருப்பிடித்து விட்டுப்போனால் அந்தப் பகுதி முழுவதும் இருட்டு. நம் கடற்கரையில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காலைத்தான். பழுதான பல்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் முறுக்கிக் கட்டுகிறார்கள். ஒன்றைக் கழித்தால் மற்றவற்றின் மேல் வோல்டேஜ் ஏறும். இரண்டு மூன்று கழித்தால் மிச்சமும் கருகும். மலிவு செட்டுக்கு இத்தனை பாடு வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கே: பிளக் பாயிண்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. லைட் மட்டும் எரியவில்லை. (மண்டபம்)

நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அறுந்திருக்கிறது. 'நியூட்ரல்தானே' என்று அந்த வயரைத் தொட்டுவிடாதீர்கள், இப்போது அதிலும் ஷாக் அடிக்கும். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கே: கிறிஸ்துமஸ் குடிலில் நீர்வீழ்ச்சிக்குக் குட்டி மோட்டார் வைத்திருக்கிறோம். ராத்திரியானால் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. தெரிந்த தம்பி ஒருவர் அதை பைபாஸ் செய்து நேரடியாகக் கொடுத்துவிட்டார். இப்போது நன்றாக ஓடுகிறது. ஸ்டார் கட்டிய இரும்பு பைப்பைத் தொட்டால் மட்டும் லேசாக ஜிவ்வென்கிறது. பரவாயில்லையா? (தங்கச்சிமடம்)

பரவாயில்லை இல்லை, அம்மா. இதைப் படிக்கும்போது பைப் இன்னும் அப்படியே நின்றால் முதலில் மெயினை அணைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

வருடா வருடம் இதையே எழுதுகிறேன், வருடா வருடம் யாராவது பைபாஸ் செய்கிறார்கள். எம்.சி.பி. (லோடு கூடினால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று சமாதானமும் சொல்கிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரை. நனைந்த உடம்பின் தடை தோராயமாக 1000 ஓம் என்றால், 230 வோல்ட்டில் அதன் வழியே 230 மில்லி ஆம்பியர் ஓடும். ஆளைக் கொல்ல அதில் கால் பங்கே போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு லோடே இல்லை, அசையாமல் நிற்கும். இ.எல்.சி.பி. மட்டும்தான் போன கரண்டும் திரும்பிய கரண்டும் சரியா என்று கணக்குப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். உங்கள் வீட்டில் அது பழுதாகவில்லை. கசிவு இருக்கிறது என்று ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைத்தான் கட்டியிருக்கிறீர்கள்.

பகலில் ஓடி ராத்திரியில் விழுவதற்குக் காரணம் உப்பு. பிளக்கிலும் ஜாயின்டிலும் படிந்த உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீர் கோத்துக்கொள்ளும். வாடைக் காற்றும் பனியும் சேர்ந்த மார்கழி இரவில் நம் பக்கம் அதற்குக் கேட்கவா வேண்டும்? இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்டைப் பிரித்துப் பாருங்கள், செம்பு பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. நல்ல வயர்மேனைக் கூப்பிட்டு இன்றைக்கே இ.எல்.சி.பி.யை இணைப்பில் சேருங்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ராத்திரியில் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதை ஒதுக்குங்கள். ஒன்றில் விழாமல் நாலைந்து சேர்ந்ததும் விழுந்தால், சின்னச் சின்னக் கசிவுகள் கூடியிருக்கின்றன என்று அர்த்தம். குடில் மோட்டாரைத் தூர எறிந்துவிட்டு 12 வோல்ட் மோட்டார் வாங்குங்கள், அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளி ஜாயின்டை சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஜாயின்டுக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பாலித்தீன் பையை இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். இரும்பு பைப்பில் ஸ்டார் கட்டவே வேண்டாம், மூங்கில் கிடைக்காத ஊரா?

எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மணலில் இறக்கிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சில வருடத்தில் கிளாம்போடு துருவாகிவிடும். எர்த் சரியாக இருந்திருந்தால், அதில் இணைத்த மோட்டாரில் கசிவு வந்ததுமே, நீங்கள் தொடுவதற்கு முன்பே இ.எல்.சி.பி. விழும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். உப்புக் காற்றில் உள்ளே இறுகிப்போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கே: பிக்சல் லைட் (ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக நிறம் மாறுவது) 150 போட்டேன். வெள்ளை நிறம் கொடுத்தால் கடைசிப் பக்கம் செம்மஞ்சளாகத் தெரிகிறது. லைட் போலியா? (கீழக்கரை)

போலி இல்லை தம்பி, வோல்டேஜ் இறக்கம். 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 150-க்கு 9 ஆம்பியர். மெல்லிய வயரில் போகப்போக வோல்ட் குறையும். நீலமும் பச்சையும் 3 வோல்ட் கேட்பவை, முதலில் மங்கும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே எரியும், அதனால் செம்மை. சப்ளையில் வோல்ட்டை ஏற்றாதீர்கள், முன்வரிசை கருகும். 50 பிக்சலுக்கு ஒரு தடவை தடித்த வயரில் தனியாகப் பவர் கொடுங்கள். வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் தெருவுக்குப் போதும்.

கே: மிக்சி போட்டால் சீரியல் லைட் திடீரென்று பளிச்சென எரிகிறது. (திருப்பாலைக்குடி)

மங்கினால் லோ வோல்டேஜ் என்று விட்டிருப்பேன். பளிச்சென்றால் நியூட்ரல் லூஸ், அநேகமாகப் போஸ்ட் ஜாயின்டில் களிம்பு. முழுதாக விட்டுப்போனால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரலாம், டி.வி., பிரிட்ஜ் எல்லாம் போகும். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்கள். போஸ்டில் நீங்கள் ஏறாதீர்கள்.

கே: கரண்ட் போனால் ஜெனரேட்டரிலிருந்து இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டு பாயிண்டில் கொடுக்கலாமா? (மூக்கையூர்)

கூடாது. ஒரு பக்கப் பிளக் கழன்றால் அதன் பின்னில் கரண்ட் இருக்கும். மெயினை அணைக்க ஒரு தடவை மறந்தால், உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியே 11,000 வோல்ட்டாக லைனில் ஏறும். மழையில் போஸ்ட் மேல் நிற்கும் லைன்மேனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு இணைப்பது) போடுங்கள், அல்லது லைட்டை ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகுங்கள்.

கே: போஸ்டிலிருந்து கொக்கி போட்டு இரண்டு நாள் மட்டும்... (ஊர் பெயர் வேண்டாம்)

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவு. 3 ஆண்டு வரை சிறை.

கே: பத்து செட் போட்டால் பில் எகிறுமா? (பாம்பன்)

எல்.இ.டி. செட் ஒன்று 5 வாட் என்று வையுங்கள். தினம் 6 மணி நேரம், 20 ராத்திரி. மொத்தம் 6 யூனிட்.

கே: லைட்டை எப்போது கழற்றி, எப்படி எடுத்து வைப்பது? (இராமேசுவரம்)

ஜனவரி 6-ஐ ஒட்டி வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாளே. பிளக்கைப் பிடுங்குங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சரம் முழுவதும் துடையுங்கள், கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அது வேண்டாம். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, அட்டையில் சுற்றி வையுங்கள்.