போர் நீர் உப்பானால் ஆழப்படுத்தலாமா?

கேள்வி: எங்கள் போர்வெல் நீர் உப்பாகிவிட்டது. இன்னும் 50 அடி இறக்கினால் நல்ல நீர் வருமா?
– வாசகர், மீஞ்சூர்

பதில்: தயவுசெய்து இறக்காதீர்கள், உப்பு கூடத்தான் செய்யும். கடலோரத்தில் நன்னீர், அடர்த்தி மிகுந்த உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலுள்ள உப்பு நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது கணக்கு. உங்கள் வட்டாரத்தில் சென்னைக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகள் இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இது வேதனையான இழப்பு.

மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். போருக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பாக எழும். அரை மணி ஓட்டி, இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

மொட்டைமாடி மழைநீரை, பழைய திறந்த கிணறு இருந்தால் அதில் விடுங்கள். 1,000 சதுர அடியில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 750 லிட்டர் சேரும். கிணற்றுக்கு முன் 3 அடி ஆழ வடிகட்டும் தொட்டி அவசியம்: அடியில் 40 மி.மீ. ஜல்லி, நடுவில் 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, மேலே பருமணல். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். வண்டல் படிந்தால் ஊற்றுக்கண் அடைபடும். ஆகவே ஆண்டுதோறும் செப்டம்பரில் மேல் மணலைச் சுரண்டி மாற்றுங்கள்.

தெருவே சேர்ந்து செய்தால்தான் உப்பு குறையத் தொடங்கும், அதுவும் சில பருவமழைகளுக்குப் பிறகே.