பச்சைக் கட்டம் விழுந்தால் டிஸ்பிளேயை மாற்றாதீர்கள்

கேள்வி: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு என் லேப்டாப்பில் எந்த வீடியோவை ஓட்டினாலும் பச்சைப் பச்சையாகக் கட்டம் விழுகிறது. ஒலி சரியாக வருகிறது. அதே ஃபைல் போனில் நன்றாக ஓடுகிறது. டிஸ்பிளேயை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பணத்தைச் செலவழிக்காதீர்கள். டிஸ்பிளேயோ அதன் கேபிளோ கெட்டிருந்தால் டெஸ்க்டாப்பிலும் கோடு தெரியும். வீடியோவில் மட்டும் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராஃபிக்ஸ் டிரைவரைத்தான் (கிராஃபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்). சுருக்கிவைத்த வீடியோவை விரிக்கும் வேலையைப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்தான் செய்கிறது. வீடியோவின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்துக்கு ஓர் எண், நிறத்துக்கு இரண்டு எண்கள். டிரைவர் சொதப்பி ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மூன்றும் 0 ஆகவே நிற்கும். அதை நிறமாக மாற்றினால் கறுப்பு வராது, பச்சைதான் வரும்.

உறுதிசெய்ய, விஎல்சி வீடியோ பிளேயரில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் போய் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்’ (விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) என்பதை டிசேபிள் ஆக்கி, சேவ் செய்து, விஎல்சி-யை மூடித் திறங்கள். கட்டம் மறைந்தால் குற்றவாளி டிரைவர்தான். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். மொத்தச் சுமையும் புராசசர் தலையில் விழும், ஃபேன் இரையும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், 4கே வீடியோ திக்கும்.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸை விரித்து, கிராஃபிக்ஸ் பெயர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், டிரைவர், ‘ரோல் பேக் டிரைவர்’. இன்டெல், என்விடியா என இரண்டு இருந்தால் இன்டெல்லில் தொடங்குங்கள். சாதாரண வீடியோ பெரும்பாலும் அதில்தான் ஓடும். ரோல் பேக் பட்டன் மங்கியிருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று பொருள். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு இன்டர்நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் (விண்டோஸை அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் திறக்கும் முறை) டிடியு (டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மென்பொருளால் இருக்கும் டிரைவரைத் துடைத்துவிட்டு இதைப் போடுங்கள். நெட்டைத் துண்டிக்க மறந்தால், நீங்கள் துடைத்த கையோடு விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். முடிந்ததும் விஎல்சி-யில் அணைத்ததை மறுபடி ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள்.

கேள்வி: 6-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப். ஹெச்.265 10-பிட் வீடியோ மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. டிரைவரைப் புதுப்பித்தும் பயனில்லை.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: டிரைவர் மேல் குற்றமில்லை. ஹெச்.265 என்ற சுருக்கும் முறையில், நிறங்களை நுணுக்கமாகப் பதியும் 10-பிட்டை முழுமையாக விரிக்கும் வசதி இன்டெல் சிப்பில் 7-ஆம் தலைமுறையிலிருந்துதான் வந்தது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 8-பிட் ஹெச்.264 ஆக மாற்றிப் பாருங்கள். மாற்ற நேரம் பிடிக்கும், ஃபைலும் பெரிதாகலாம். ஆனால் திக்காமல் ஓடும்.