கதைக்கிற இங்கிலீஷும் படிக்கிற இங்கிலீஷும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் கிளிநொச்சியிலிருந்து கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை. இங்கே கூட்டாளிகளோடு இங்கிலீஷில் படபடவென்று கதைக்கிறான். ஆனால் றிப்போட்டில் விஞ்ஞானமும் வரலாறும் மிகக் குறைவு. வீட்டிலும் இங்கிலீஷ் கதைக்கும்படி ரீச்சர் சொன்னார் என்று அவனே வந்து சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் தமிழ் கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். இப்போது பிள்ளை எங்களோடு கதைப்பதே குறைந்துபோய்விட்டது. ஈஎஸ்எல் வகுப்பில், அதாவது இங்கிலீஷை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற வகுப்பில், வைத்திருப்பதால்தான் பின்தங்குகிறானோ, அதிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாமோ என்றும் யோசிக்கிறோம். நீங்கள் பல வருடம் ஈஎஸ்எல் படிப்பித்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு தாய், ஸ்காபரோ

*

அன்புள்ள தங்கைக்கு,

இன்றைக்கே செய்யக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் போட்ட அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் வாய்நிறையத் தமிழ் கதைக்கட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் கணவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் 1990இல் வந்தபோது என் அப்பாவும் இதையேதான் செய்தார். இரவு வேலை முடித்து விடியப்புறம் வருவார். தனக்குத் தெரிந்த முப்பது நாற்பது சொல்லை வைத்துக்கொண்டு எங்களோடு இங்கிலீஷ் கதைப்பார். 'ஈட்', 'ஸ்டடி', 'ஸ்லீப்'. ஊரில் கிணற்றுக்கட்டில் இருத்தி, நட்சத்திரம் காட்டி, நெல்லுக்கு ஏன் தண்ணீர் கட்டவேண்டும், சந்திரகிரகணம் எப்படி வருகிறது என்றெல்லாம் சொல்லித்தந்த மனிதர் அவர். இங்கே வந்து மூன்று சொல்லுக்குள் சுருங்கிப்போனார். எங்களுக்கு இங்கிலீஷ் வந்தது. அது அப்பாவிடமிருந்து வரவில்லை. அந்த வருடங்களில் அவரிடமிருந்து வந்திருக்கவேண்டிய மற்ற எல்லாம் வராமல் போனது. எனக்கு இப்போதும் அந்தக் கவலை உண்டு.

சரி, படபடவென்று கதைக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏன் வரவில்லை? கதைக்கிற இங்கிலீஷ் வேறு, படிக்கிற இங்கிலீஷ் வேறு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர் 1979இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பிறகு ரொறன்ரோவுக்குக் குடிவந்த பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகளை எடுத்துப் பார்த்து 1981இல் எழுதினார். விளையாட்டு மைதானத்து இங்கிலீஷ் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும்; பாடப்புத்தக இங்கிலீஷில் இங்கே பிறந்த பிள்ளையை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் வேண்டும் என்பதுதான் அவர் கண்டது. இங்கே பிறந்த பிள்ளையும் அந்த வருடங்களில் சும்மா நிற்பதில்லை, அதுவும் வளர்ந்துகொண்டே போகிறது. உங்கள் மகன் ஓடிக்கொண்டிருக்கிற பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிறான். இரண்டு வருடத்தில் அவன் எங்கே நிற்கவேண்டுமோ அங்கேதான் நிற்கிறான்.

ஒரே சொல்லே பிள்ளையை எப்படி அலைக்கழிக்கும் என்று பாருங்கள். 'சொலூஷன்' என்றால் கணக்கில் தீர்வு. அடுத்த பாடவேளை விஞ்ஞானம், அங்கே அதே சொல்லுக்குக் கரைசல் என்று பொருள். என் வகுப்பில் ஒரு பையன் நாலு நாளாக ஒரு விஞ்ஞானத் தாளை வெறுமையாக வைத்திருந்தான். மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு சமன்பாடு மட்டும் எழுதி அழித்திருந்தான். சொலூஷனை எழுது என்று கேட்டிருந்தது, கணக்கு எங்கே என்று தேடியிருக்கிறான். நான் பக்கத்தில் இருந்து 'கரையம், கரைப்பான், கரைசல்' என்று மூன்று தமிழ்ச் சொல்லை எழுதினேன். ஒருமுறை பார்த்தான், தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இருபது நிமிடத்தில் அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. இங்கிலீஷ் எழுத்துப்பிழையோடுதான், ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு பிழை இல்லை. சீனி கரைவது அவனுக்கு எப்போதோ தெரியும்.

உங்கள் மகனும் அப்படித்தான். போட்டோசின்தசிஸ் என்பது இங்கே பிறந்த பிள்ளைக்கும் பாடமாக்கவேண்டிய சொல். ஒளித்தொகுப்பு என்று சொல்லிப்பாருங்கள், பாதி விளக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் விளங்கின ஒன்றை இரண்டாம் தரம் விளங்கவேண்டியதில்லை, புதுப் பெயரை மட்டும் பிடித்தால் போதும். அதனால் இரவில் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்துவைத்து, இன்றைக்குப் படித்ததை எனக்குத் தமிழில் சொல்லு என்று கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது இங்கே நல்லதாகப் போயிற்று. தெரியாத ஆளுக்கு விளங்கப்படுத்தத்தான் பிள்ளைக்குத் தானே விளங்கவேண்டி வரும். தட்டுகிற இடத்தில் சொல்லைத் தேடுவான். அந்தத் தேடல்தான் படிப்பு.

ஈஎஸ்எல்லிலிருந்து எடுக்கச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதீர்கள். மானக்கேடு என்று நினைத்து அப்படி எடுத்துவிட்ட பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் தனியாக மூச்சுத்திணறினார்கள். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இரண்டு திட்டம் இருக்கிறது. ஊரில் ஒழுங்காகப் படித்துவிட்டு இங்கிலீஷ் மட்டும் இல்லாமல் வருகிற பிள்ளைக்கு ஈஎஸ்எல். போராலோ அகதி முகாமாலோ படிப்பே அறுந்துபோய் வருகிற பிள்ளைக்கு ஈஎல்டி, அங்கே எழுத வாசிக்கவே முதலிலிருந்து கட்டியெழுப்பவேண்டும். உங்கள் மகன் முதல் வகை. றிப்போட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே ஈஎஸ்எல்/ஈஎல்டி என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பாருங்கள். அதில் அடையாளம் போட்டிருந்தால், பாடத்தின் எதிர்பார்ப்பை அவனுடைய இங்கிலீஷ் நிலைக்கு ஏற்ப மாற்றித்தான் புள்ளி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். போடவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது வகைப் பிள்ளைகளும் அவனுடைய வகுப்பில் இருக்கலாம், ஆப்கானிஸ்தானிலிருந்து, சிரியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு சேரட்டும். நான் வந்த முதல் மாதம் தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அலறியது. எல்லாரும் வரிசையில் நிற்க, நான் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். யாழ்ப்பாணத்தில் சண்டைக்கால ஹெலிகொப்டர் வந்தால் அப்படித்தானே படுப்போம். கண்ணைத் திறந்தால் அடுத்த மேசைக்குக் கீழே சோமாலியாவிலிருந்து வந்த பையன் அதேபோலக் கிடக்கிறான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: ரீச்சர் சொன்னதாக 'அவனே வந்து சொன்னான்'. ரீச்சர் என்ன சொன்னார் என்பது அப்போது உங்களுக்கு நேரடியாகத் தெரியாது. வீட்டில் இங்கிலீஷ் புத்தகம் வாசிக்கச் சொல்லியிருக்கலாம். உண்மையாகவே தமிழ் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது பிழை. எதுவானாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தன்னைப் பற்றிய பேச்சுக்கே மொழிபெயர்ப்பாளனாக நிறுத்தவேண்டாம். தனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்வான் என்பதற்காகச் சொல்லவில்லை. அம்மா தலைகுனிவதைப் பார்த்துக்கொண்டே தன் குறையைத் தானே தமிழில் சொல்லவேண்டிய பாரம் அது. நானும் அதைச் சுமந்தவன். பெற்றோர் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவவென்றே பல பள்ளிக்கூடங்களுக்குக் குடியேற்ற உதவியாளர்கள் வருகிறார்கள், ஸ்காபரோவில் தமிழ் கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் கேளுங்கள்.

போகும்போது அவனுடைய ஊர்க் கொப்பி ஏதாவது கொண்டுவந்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கணக்குக் கொப்பியாக இருந்தால் இன்னும் நல்லது. ரீச்சருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் பத்து வயதில் அவன் போட்ட பின்னங்களை அவரால் வாசிக்கமுடியும்.

அன்புடன்,
அண்ணா