பழைய வண்டி ஹீட் ஆகுதா? எப்ப ஆகுதுன்னு முதல்ல சொல்லுங்க

கேள்வி நெறைய வந்து கெடக்கு. பாதிக்கு மேல "வண்டி ஹீட் ஆகுது, என்ன செய்ய"ன்னு ஒத்த வரிதான், அத வச்சு நான் என்னத்தச் சொல்ல? நின்னா ஏறுதா, ஓடுனா ஏறுதா, மலையில ஏறும்போதா, இல்ல காலைல ஸ்டார்ட் பண்ணுன கொஞ்ச நேரத்துலயேவா, இதச் சொல்லிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. அப்படி வெவரமா எழுதுனவங்களுக்கு மட்டும் இந்தத் தடவ பதில் சொல்லுதேன்.

98 மாடல் மாருதி 800 அண்ணாச்சி. வண்ணாரப்பேட்டை நெரிசல்ல நின்னா ஹீட் காட்டுற முள்ளு மேல போயிருது, பைபாஸ்ல ஏறி ஓட்டுனா தானா இறங்கிருது. மெக்கானிக் ரேடியேட்டர மாத்தச் சொல்லுதாரு.

மாத்தாதீய. ஓடும்போது இறங்குதுன்னா ரேடியேட்டர் அதோட வேலையச் செய்யுது, எதிர்காத்து இல்லாதப்பதான் பிரச்சினை, அப்ப குத்தவாளி ஃபேன்தான். வண்டிய நிப்பாட்டி ஐடிலிங்ல விடுங்க, முள்ளு பாதியத் தாண்டியும் ஃபேன் சுத்தலைன்னா தெர்மோ சுவிட்சுக்கு (தண்ணி சூடானா ஃபேனை ஓட விடுற சுவிட்ச்) போற சாக்கெட்டைக் கழட்டி ரெண்டு ஒயரையும் ஒரு துண்டு ஒயரால சேத்துப் பிடிங்க, சாவி ஆன்ல இருக்கணும், கை ஃபேன் பக்கம் இருக்கக் கூடாது. அப்ப சுத்துச்சுன்னா சுவிட்ச் போயிட்டு, அது சின்ன செலவுதான். சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார். மோட்டார் முதுகுல ஸ்குரூ டிரைவர் பிடியால லேசா ஒரு தட்டு தட்டுங்க, உடனே சுத்த ஆரம்பிச்சா உள்ள மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, எலெக்ட்ரீசியன் கை வச்ச பழைய வண்டிகள்ல ஒயர மாத்திக் குடுத்து ஃபேன் தலைகீழா சுத்துற கூத்தும் உண்டு. கிரில் முன்னாடி ஒரு பேப்பரப் பிடிச்சுப் பாருங்க, உள்ள இழுக்கணும், வெளிய தள்ளக் கூடாது.

எங்க அப்பா காலத்து அம்பாசடர். திசையன்விளையில இருந்து நெல்லைக்கு வரும்போது நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில 80-ல போனா ஹீட்டு, 50-ல வந்தா ஒண்ணுமில்ல. ஊருக்குள்ளயும் தொந்தரவு இல்ல. தண்ணி தெனமும் பாத்துதான் ஊத்துதேன்.

உங்க கேஸ் அந்த மாருதிக்கு நேர் எதிர். நிக்கும்போது ஃபேன் போதுது, வேகத்துல இன்ஜின் குடுக்குற சூட்டைத் தண்ணியால எடுத்துட்டுப் போக முடியல, அதாவது தண்ணி ஓட்டம் பத்தல. எந்தத் தண்ணி ஊத்துறீயன்னு எழுதல, திசையன்விளைன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துட்டு. அந்தப் பக்கம் போர் தண்ணி நெறைய எடத்துல உப்பு, குளிச்சா சோப்பு நுரைக்காது, அந்தத் தண்ணி வருஷக்கணக்கா ரேடியேட்டருக்குள்ள கொதிச்சா டியூபுல உப்பு படிஞ்சு அடைக்காம என்ன செய்யும்? மேல மூடியத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, டியூப் வாயில வெள்ளையாவோ செங்கல் நிறத்துலயோ படிஞ்சிருந்தா சந்தேகமே வேண்டாம். வெளிய இருந்தும் கண்டுபிடிக்கலாம், வண்டி சூடானதும் ஆஃப் பண்ணிட்டு லேசர் தெர்மாமீட்டர ரேடியேட்டர் மேல அங்கங்க காட்டுங்க, ஒரு பட்டை மட்டும் சுத்துவட்டாரத்த விட ரொம்பக் குளுந்து கெடந்தா அந்த டியூபுல தண்ணி ஓடல.

உங்களோடது செம்பு, பித்தளை ரேடியேட்டரா இருந்தா அதிர்ஷ்டந்தான், ரேடியேட்டர் கடையில மேல் டேங்கை உருக்கிக் கழட்டி டியூபுல கம்பி விட்டுக் குத்தி மறுபடி ஈயம் வச்சுருவாங்க. இப்ப வர்ற அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் சமாச்சாரத்துல அது கதைக்கு ஆகாது, புதுசுதான். ஆசிட் ஊத்திக் கழுவுறேன்னு எவனாவது சொன்னா விடாதீங்க, அடைப்போட சேத்து டியூபையும் தின்னுரும்.

ரேடியேட்டர் மட்டும்னு முடிவு பண்ணிறாம கூடவே மூணு விஷயம் பாருங்க. கீழ் ஓஸ்: அதுதான் பம்பு உறிஞ்சுற பக்கம், ஓஸ் பழசாகி தொளதொளன்னு ஆயிட்டா, உள்ள ஸ்பிரிங் இருந்து அது துருப்பிடிச்சுப் போயிட்டாலும், ரேஸ் பண்ணும்போது சப்பிக்கிடும், ஒருத்தர ஆக்ஸிலேட்டர மிதிக்கச் சொல்லிட்டு நீங்க கண்ணால பாத்தாலே தெரிஞ்சிரும். ஃபேன் பெல்ட் லூசா இருந்தா பம்பும் சேந்து வழுக்கும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்குறது) வச்ச பெட்ரோல் வண்டியில டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடுற நேரம், பிந்தி இருந்தா இன்ஜின் தேவையில்லாம சூடாகும், வண்டியில இழுவையும் கொறஞ்சிருக்குன்னா அதையும் ஒரு ஆளு செக் பண்ணணும். இத யாரும் பாக்குறதே இல்ல, எல்லாருக்கும் ரேடியேட்டர்தான் ஞாபகம்.

பாளையங்கோட்டையில டீச்சரா இருக்கேன், பழைய சான்ட்ரோ. போன வருஷம் ஹீட் ஆச்சுன்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டாங்க, "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு"ன்னு சொன்னாங்க. அதுல இருந்து மைலேஜ் கொறஞ்ச மாதிரி இருக்கு. சம்பந்தம் உண்டா சார்?

உண்டும்மா. வெயிலு 40 டிகிரி அடிச்சாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான், அது வேலை செய்ய வேண்டிய சூடு 90 பக்கம். தெர்மோஸ்டாட்ங்கிறது இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிற வால்வு, அது இல்லைன்னா அந்தச் சூட்டுக்கு வரவே நேரமாகும், ஊருக்குள்ள ஸ்கூலுக்குப் போயிட்டு வர்ற அளவு ஓட்டத்துல வராமயே கூடப் போயிரும், அப்ப பெட்ரோல் கூடத்தான் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். இன்னொரு கொடுமை, சில இன்ஜின்ல அந்த வால்வு தொறக்கும்போதே பைபாஸ் ஓட்டைய மூடுற மாதிரி அமைப்பு, அதுல வால்வைக் கழட்டுனா பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்தி வரும், ஹீட் கொறையறதுக்குப் பதிலா கூடும்.

புதுசு வாங்கிப் போடுங்க. போடுறதுக்கு முன்னாடி நீங்களே வீட்டுல சோதிக்கலாம், ஒரு பழைய பாத்திரத்துல தண்ணி வச்சு நூல்ல கட்டித் தொங்க விடுங்க, வால்வு மேலயே 82ன்னோ 88ன்னோ அடிச்சிருப்பாங்க, அந்தச் சூடு வந்ததும் தொறக்க ஆரம்பிச்சு, தண்ணி கொதிக்கிறதுக்குள்ள நல்லா தொறந்திருக்கணும். கழட்டுற மெக்கானிக்கை நான் திட்டல, ரோட்டுல நிக்கிற வண்டிய வீடு சேக்க அது சரிதான், அதையே ஒரு வருஷம் வைத்தியமா வச்சிருக்கதுதான் தப்பு.

ஆம்னி. வெளிய ஒரு சொட்டு ஒழுகல, ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி கொறையுது. மஞ்சத்தூள் போட்டா அடைக்கும்னு சொல்லுதாவ.

ஒழுகாம கொறையுதுன்னா ஹெட் கேஸ்கட்ட, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அது மேல உக்காந்திருக்க ஹெட்டுக்கும் நடுவுல இருக்க தகட்ட, நெனச்சுதான் ஆகணும். காலைல இன்ஜின் ஆறிக் கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல மேல் ஓஸ்ஸ அமுக்கிப் பாருங்க, தண்ணி சூடாகுறதுக்கு முன்னாடியே ஓஸ் கல்லா இருந்தா சிலிண்டர் காத்து தண்ணிக்குள்ள வருது. மூடிய எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுனா காத்துக் குமிழி முட்டை முட்டையா விடாம வந்தாலும் அதேதான். ஆயில் மூடிக்கு அடியில பால் ஊத்துன காப்பி மாதிரி இருந்தா வண்டிய ஓட்டாதீய, கட்டி இழுத்துட்டுப் போங்க. ஹெட்டைக் கழட்டுனா லேத்துல குடுத்து வளைஞ்சிருக்கான்னு பாக்காம புது கேஸ்கட் போடவே கூடாது, பணம் தண்டம்.

அதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடிய மட்டும் மாத்திப் பாருங்க. அது பிரஷரைப் பிடிக்கலைன்னா தண்ணி ஆவியாவும் ரிசர்வ் டேங்க் வழியாவும் போயிரும், கீழ சொட்டுன தடமே இருக்காது. மஞ்சத்தூளு? நடுவழியில நிக்கும்போது ஊசி ஓட்டையை அடைச்சு ஊரு சேரலாம், ஆனா அது ரேடியேட்டர் டியூபையும் சேத்து அடைக்கும், அப்புறம் மேல உள்ள அம்பாசடர்காரர் கூட நீங்களும் சேந்துருவீய.

கூலன்ட் தேவையா, இல்ல வெறும் தண்ணி போதுமா?

தேவை. பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்துங்க, துருப்பிடிக்காது, கொதிக்கிற சூடும் கூடும். கலர் பாத்து வாங்காதீங்க, மேனுவல்ல என்ன வகைன்னு போட்டிருக்கோ அது. பழசோட புதுசைக் கலக்கவும் வேண்டாம்.

குத்தால சீசனுக்குப் போயிட்டு அப்படியே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏறணும், 2003 இண்டிகா. வழியில முள்ளு ஏறுனா என்ன செய்ய?

முதல்ல ஏசிய ஆஃப் பண்ணுங்க, ஹீட்டரை ஃபுல்லா வச்சு கண்ணாடியை இறக்குங்க, வேர்க்கும்தான், ஆனா அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். மேல் கியர்ல திணற விடாம ஒரு கியர் கொறைச்சு ஏறுங்க. முள்ளு மட்டும் ஏறி ஆவி வரலைன்னா ஓரங்கட்டி நியூட்ரல்ல ஓடவிட்டு இறங்குதான்னு பாக்கலாம், ஆவி வந்துட்டா உடனே ஆஃப். மூடியத் தொடாதீய, பானெட்டைத் தூக்கி வச்சுட்டு அரை மணி நேரத்துக்கு மேல காத்திருந்து, ஓஸ்ஸ அமுக்குனா தளர்வா இருக்குன்னு பாத்துட்டு, துணிய மடிச்சுப் பிடிச்சுத் தொறங்க. தண்ணியை இன்ஜின ஓடவிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, சூடு ஆறாத இன்ஜின்ல பச்சத் தண்ணியை ஒரே மூச்சா ஊத்துனா ஹெட் வெடிச்சாலும் வெடிக்கும். ரெண்டு பெரிய கேன்ல தண்ணி வண்டியிலயே இருக்கட்டும், அருவியில இருந்து திரும்புறவங்க குடிச்சு காலி பண்ணிறாம பாத்துக்கிடுங்க.